இஸ்லாமிய வங்கியும் வாடிக்கையாளரின் மனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிலங்கையின் ஓர் ஊரில், வழக்கமான வங்கியொன்றின் இஸ்லாமியப் பிரிவு மேசையில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள்தான் இவை. சிலவற்றை வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். சிலவற்றை நாங்களே தேநீர் நேரத்தில் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

இலங்கையில் இஸ்லாமிய வங்கி என்றால் எதைச் சொல்கிறோம்?

1988ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்துக்கு 2005இல் வந்த திருத்தம்தான் வங்கிகள் வட்டியில்லாத முறையில் வைப்பு வாங்கவும் நிதி கொடுக்கவும் வழி திறந்தது. முழு இஸ்லாமிய வங்கியாக இயங்குவது அமானா வங்கி. 2011 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. மற்றபடி கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி போன்றவை தங்களுக்குள்ளேயே தனிப் பிரிவு வைத்து நடத்துகின்றன. இதைச் சாளரம் என்பார்கள். எல்ஓஎல்சி போன்ற நிதி நிறுவனங்களிலும் உண்டு. ஒரே கட்டடம், ஒரே காவலாளி, ஒரே டோக்கன் இயந்திரம். மூலையில் ஒரு மேசைக்கு மட்டும் பச்சைப் பலகை. சாளரத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும்.

முஸ்லிம்கள் எப்படியும் இங்கேதானே வருவார்கள்? அப்புறம் திருப்தியைப் பற்றி எதற்குக் கவலை?

இந்தக் கேள்வியை அப்படியே கேட்ட ஒரு முகாமையாளரின் கீழ் வேலை செய்திருக்கிறேன். ஊரில் பத்துப் பள்ளிவாசல் இருக்கிறது, ஆகவே பத்துப் பள்ளிவாசல் ஜமாஅத்தும் நம் வாடிக்கையாளர்கள் என்பது அவர் கணக்கு.

நடப்பு வேறு. 2012 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 9.7 வீதம் முஸ்லிம்கள். ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், மீனவர் கடன், நகை அடகு என்று அவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காரணத்துக்காக அரச வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள்தாம். எங்களிடம் வந்தவர்களில் பலரும் அந்தக் கணக்கை மூடிவிட்டு வரவில்லை. மனச்சாட்சிக்கு ஒன்று, வசதிக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம்.

ஆய்வுகளும் இந்த விஷயத்தில் ஒரே பாட்டைப் பாடவில்லை. ஜோர்தானில் 1989இல் எரோல், எல்-பதூர் என்ற இருவர் செய்த ஆய்வில், வங்கியைத் தேர்ந்தெடுக்க மார்க்கப் பற்று முதல் காரணமாக வரவில்லை. வேகமான சேவையும் வங்கியின் பெயரும்தான் முன்னால் நின்றன. பஹ்ரைனில் 1998இல் வந்த ஆய்வில் மார்க்கமே முதலிடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: மார்க்கம் ஆளைக் கதவு வரை கொண்டுவந்து விடும். உள்ளே வந்தபின் அவரும் எல்லாரையும் போல வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பவர்தான்.

வாடிக்கையாளர் திருப்தியை எப்படி அளக்கிறார்கள்?

சேவையின் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு கருவி சேர்வ்குவல். 1988இல் வந்தது, 22 கேள்விகள். வாடிக்கையாளர் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கும். அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் ஏ. பரசுராமன், சென்னை ஐஐடியில் படித்தவர்.

2001இல் ஒத்மான், ஓவன் என்ற ஆய்வாளர்கள் குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ் வாடிக்கையாளர்களிடம் ஆய்வு செய்தபோது, சேர்வ்குவலின் ஐந்து அம்சங்களுக்கு முன்னால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஷரீஆவுக்கு, அதாவது வட்டியை விலக்கும் இஸ்லாமிய மார்க்கச் சட்டத்துக்கு, இணங்கி நடப்பது. 34 கேள்விகள் கொண்ட அந்தக் கருவிக்குக் கார்ட்டர் என்று பெயர். இஸ்லாமிய வங்கி ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இதைத்தான் சுற்றி வருகின்றனவோ என்று தோன்றும்.

எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. “இந்த வங்கி ஷரீஆப்படி நடக்கிறதா?” என்று ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடச் சொன்னால், சாதாரண ஒருவர் எதை வைத்துப் போடுவார்? ஒப்பந்தத்தைப் படித்தா? பெரும்பாலும் மேசையில் இருப்பவரின் பேச்சை வைத்துத்தான். அந்த ஒரு புள்ளியில் ஷரீஆ எவ்வளவு, பேச்சு எவ்வளவு என்று எந்தக் கணினியாலும் பிரிக்க முடியாது.

இலாபம் என்கிறீர்கள், அவர்கள் வட்டி என்கிறார்கள். சொல்தானே வித்தியாசம்?

சொல் மட்டும் இல்லை. ஆனால் சொல்லே எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு நாள் பார்த்தேன்.

ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் சேமிப்புப் புத்தகத்தை நீட்டினார். புதுப்பித்துக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் ஒரு வரியைத் தொட்டார். “மகன், இது என்ன?” பார்த்தேன். இலாபப் பங்கு வரவு வைக்கப்பட்ட வரியில், சுருக்கமாக ‘ஐஎன்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. வட்டி என்பதற்கான குறியீடு. வங்கியின் மென்பொருள் பழையது. சாளரத்துக்கென்று தனிக் குறியீடு யாரும் போடவில்லை. கணக்கு சரி, பணம் வந்த வழி சரி, அந்த மூன்று எழுத்து மட்டும் பிழை.

“அது சும்மா கம்ப்யூட்டர்ல வாறது ஹாஜியார்” என்றேன். அவர் சத்தம் போடவில்லை. “சும்மா வாறதா இரிந்தா, ஏன் மகன் நான் இஞ்ச வந்தேன்?” என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரத்தில் நிலையான வைப்பில் பாதியை எடுத்தார். குறியீட்டைத் திருத்தத் தலைமையகத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவே ஐந்து மாதம்.

சரி, உள்ளே இருக்கும் வித்தியாசம் என்ன? முழாரபா சேமிப்பில் உங்கள் பணம் ஒரு பொதுக் குளத்துக்குப் போகிறது. வங்கி அதை வியாபாரத்தில் போட்டு வரும் இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில், உதாரணமாக உங்களுக்கு 60, வங்கிக்கு 40 என்று பிரிக்கிறது. பேசிக்கொள்வது விகிதத்தைத்தான், தொகையை அல்ல. வங்கியின் கவனக்குறைவால் அல்லாமல் நட்டம் வந்தால் அது முதலுக்குரியவரைச் சேரும். வட்டிக் கணக்கில் தொகை முதல் நாளே முடிவாகிவிடும்.

தவணை மற்ற வங்கியைவிடக் கூடுதலாக இருக்கிறதே. ஹலாலுக்குத் தனி விலையா?

சில நேரம் கூடத்தான் இருக்கும். அதை மறைத்தால்தான் கோபம் வருகிறது.

காரணங்களை ஒளிவில்லாமல் சொல்கிறேன். சாளரங்கள் சிறியவை, அதே மென்பொருள், அதே தணிக்கைச் செலவு குறைந்த ஆட்கள் மேல் விழுகிறது. மேலதிகப் பணத்தைத் திறைசேரி உண்டியலில் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் பத்திரம்) போட முடியாது, அது வட்டி. ஆகவே கொஞ்சம் பணம் சும்மா கிடக்கும், அந்தச் செலவும் சேரும். இதற்கு மேல், பல இடங்களில் இலாப வீதத்தைத் தீர்மானிப்பதே சந்தையின் வட்டி வீதத்தைப் பார்த்துத்தான். இது ஷரீஆவுக்கு முரண் இல்லை என்று அறிஞர்கள் விளக்குவார்கள். பக்கத்துக் கடையில் விற்கிற விலையைப் பார்த்து நான் விலை வைப்பது போல. ஆனாலும் வாடிக்கையாளருக்கு அது உறுத்தும். அந்த உறுத்தலைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் வேலை உண்மையில் கெட்டுப்போன இடம் விலை அல்ல, நடைமுறை. முராபஹாவில் வங்கி பொருளை முதலில் வாங்கி, தன் கையில் எடுத்து, பிறகு இலாபம் சேர்த்து உங்களுக்கு விற்க வேண்டும். குளிர்பானக் கடைக்காரர் ஒருவருக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்று வையுங்கள். வங்கியின் முகவராக அவரே போய்ப் பெட்டியை வாங்குகிறார். வாங்கிவிட்டேன் என்று வங்கிக்கு அறிவிக்கிறார். அப்போதுதான் வங்கி அவருக்கு விற்கும் பத்திரம் கையெழுத்தாக வேண்டும். மூன்று கட்டம், மூன்று நேரம். ஒரே மேசையில், ஒரே பேனாவால், ஐந்து நிமிடத்தில் மூன்றிலும் கையெழுத்து வாங்கும் அவசரக்காரர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. “இது லோன்தானே, பெயரைத்தான் மாத்தியிரிக்கி” என்று கடைக்காரர் போகிற வழியெல்லாம் சொல்வார். சொல்லட்டும், அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்டது அதைத்தானே?

முன்கூட்டியே கட்டி முடித்தால் கழிவு கிடைக்குமா?

கோபம் அதிகம் வரும் கேள்வி இது. அதே பெட்டியை எடுப்போம். வாங்கிய விலை 600,000 ரூபாய், இலாபம் 120,000, விற்ற விலை 720,000. 24 மாதம், மாதம் 30,000. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியவர் மீதியைத் தீர்க்க வருகிறார். விற்பனை ஒப்பந்தப்படி அவர் தர வேண்டியது முழு 360,000. வட்டிக் கடனில் மீதி முதலை மட்டும், கொஞ்சம் தண்டத்தோடு, கட்டிவிட்டுப் போகலாம் என்பதை அவர் அறிவார். “வட்டிக்காரனே விடுறான், நீங்க விட மாட்டீங்களா?” என்பார்.

இப்ரா என்று ஒன்று இருக்கிறது. கடன் கொடுத்தவர் தானாக விட்டுக்கொடுப்பது. மரபுப்படி அது வங்கியின் விருப்பம். ஒப்பந்தத்தில் முன்பே வாக்குறுதியாக எழுதலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலேசிய மத்திய வங்கி 2010களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு முடிவு கட்டியது: விற்பனை அடிப்படையிலான நிதியில் கழிவு தர வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். என்னைக் கேட்டால் சரியான முடிவு. விருப்பம் என்றால் முகாமையாளருக்குத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், தெரியாதவருக்குக் கிடைக்காது.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: “12ஆம் மாதம் முடித்தால் எவ்வளவு விடுவீர்கள்?” பதிலை எழுத்தில் கேளுங்கள்.

தவணை பிந்தினால் தண்டம் உண்டா?

உண்டு. ஆனால் அது வங்கியின் வருமானமாகக் கூடாது, தருமத்துக்குப் போக வேண்டும். வங்கி தனக்கு ஏற்பட்ட உண்மையான செலவை மட்டும் எடுக்கலாம் என்பதுதான் பொதுவாகப் பின்பற்றப்படும் முறை. கட்டுபவருக்கு இதில் ஆறுதல் குறைவு; காசு அவர் பையிலிருந்துதானே போகிறது? அந்தத் தருமப் பணம் எந்த மத்ரஸாவுக்கு, எந்த நோயாளிக்குப் போனது என்று வருடத்தில் ஒரு தாள் கிளைச் சுவரில் ஒட்டினாலே பாதிக் கேள்வி அடங்கும்.

2022இல் வட்டி எகிறியபோது என்ன நடந்தது?

அந்த வருடம்தான் உண்மையான பரீட்சை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. மூன்று மாதத் திறைசேரி உண்டியல் பிறகு 30 வீதத்தையும் தாண்டியது. நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் என்று வீதியெல்லாம் பதாகை.

இஸ்லாமிய வைப்பின் இலாபம் அந்த வேகத்தில் ஏற முடியாது. காரணம் எளிது. குளத்தில் இருந்த பணம் 2020, 2021இல் மலிவாகப் பேசிய முராபஹாக்களில் கட்டுண்டு கிடந்தது. விற்ற விலையைப் பிறகு கூட்ட ஷரீஆ விடாது. பழைய ஒப்பந்தங்கள் தீரத் தீர, புதியவை உள்ளே வர வர, மெதுவாகத்தான் இலாபம் ஏறும். திறைசேரிப் பக்கமும் போக முடியாது.

ஆகவே வைப்பாளரின் கைக்கு வந்தது குறைவு. பொருட்களின் விலை இரண்டு மடங்காகிக்கொண்டிருந்த காலம் அது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழுதுகொண்டே வைப்பை எடுத்தார்; பாவம் செய்கிறேனா என்று என்னிடம் கேட்டார், மௌலவியிடம் கேட்பது போல. நான் என்ன சொல்ல?

ஆனால் அதே மாதங்களில் மேசையின் மறுபக்கத்தில் வேறு கதை. 2021இல் முராபஹாவில் இயந்திரம் வாங்கிய அரிசி ஆலைக்காரரின் தவணை ஒரு ரூபாயும் ஏறவில்லை. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த அவருடைய மைத்துனருக்குத் தவணை பாய்ந்து ஏறியது. ஆலைக்காரர் அன்றிலிருந்து எங்களுக்குச் சம்பளம் வாங்காத விளம்பரக்காரர். (வீட்டுக்கான குறைந்துசெல்லும் முஷாரகா, அதாவது கூட்டாக வாங்கிய வீட்டில் வங்கியின் பங்கை வாடிக்கையாளர் வாடகையோடு படிப்படியாக வாங்கிக்கொள்வது, வேறு; அதில் வாடகையை இடைக்கிடை மீளாய்வு செய்ய ஒப்பந்தம் இடம் தரலாம், எல்லாருக்கும் இந்த நிம்மதி கிடைக்கவில்லை.)

இலாபம் குறைந்தால் வைப்பாளர் ஓடிவிடுவார் என்று வங்கி பயப்படாதா?

பயப்படும். அந்தப் பயத்துக்கே துறையில் ஒரு பெயர் இருக்கிறது: இடம்பெயர்ந்த வணிக இடர். வைப்பாளர் தாங்க வேண்டிய ஏற்ற இறக்கத்தைப் பங்குதாரர் தலையில் ஏற்றிக்கொள்வது என்று பொருள். சந்தை வட்டியைவிட இலாபம் குறையும்போது, வங்கி தன் பங்கிலிருந்து கொஞ்சம் விட்டு வைப்பாளருக்குக் கூட்டிக் கொடுக்கும். இன்னொரு வழி, நல்ல வருடத்தின் இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து மோசமான வருடத்தில் எடுப்பது. எங்கள் பக்கத்து வயல்காரர் விதைநெல்லைத் தனியே கட்டி வைப்பது போலத்தான்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல வருடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு, மோசமான வருடம் வருமுன் கணக்கை மூடிப் போனவரின் பங்கு யாருக்குப் போகிறது? கணக்குத் திறக்கும் படிவத்தில் இதற்கு நீங்கள் சம்மதித்திருப்பீர்கள். படித்திருக்க மாட்டீர்கள்.

பல வருடம் இருக்கிறார் என்றால் விசுவாசமான வாடிக்கையாளர் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இஸ்லாமிய வங்கியில் ஒருவர் இருப்பதற்கு மூன்று காரணம் இருக்கலாம். பிடித்திருப்பதால் இருக்கலாம். வேறு போக்கிடம் இல்லாததால் இருக்கலாம். ஊரில் ஒரே ஒரு ஹலால் மேசை என்றால் முறைப்பாட்டை விழுங்கிக்கொண்டுதான் இருப்பார். மூன்றாவது, விட்டுப்போனால் மக்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். அறிக்கையில் மூன்று பேரும் ஒரே வரியில் வருவார்கள். இரண்டாவது ஹலால் மேசை ஊருக்கு வரும் நாளில்தான் யார் யார் என்று தெரியும்.

கருத்துக் கணிப்பை நம்புவதைவிட நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். சவூதியில், கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பும் காசு எந்தக் கணக்குக்கு வருகிறது? மகளின் பெயரில் முதல் கணக்கை எங்கே திறந்தார்? முதல் முராபஹா தீர்ந்தபின் இரண்டாவதுக்கு வந்தாரா? மூன்றுக்கும் பதில் ‘வேறு இடம்’ என்றால், அவர் எங்களிடம் பதினைந்து வருடம் இருந்தாலும் விருந்தாளிதான்.

முஸ்லிம் அல்லாதவர்கள் வருகிறார்களா?

வருகிறார்கள். எங்களிடம் தமிழர்களும் சிங்களவர்களும் லீசிங்குக்கு வந்தார்கள். தவணை மாறாது என்பதும் தண்டத்துக்கு மேல் தண்டம் ஏறாது என்பதும் அவர்களுக்குப் போதும். மலேசியாவில் இது சாதாரணம். சொல்லப்போனால் இவர்கள் தரும் மதிப்பீடுதான் சுத்தமானது; சேவை பிடிக்காவிட்டால் போய்விடுவார்கள், கூச்சம் கிடையாது.

விசுவாசம் ஆபத்தாக முடிந்ததுண்டா?

உண்டு. துருக்கியில் 2001 பெப்ரவரியில் இஹ்லாஸ் ஃபினான்ஸ் மூடப்பட்டபோது அதன் வைப்புகளுக்குக் காப்புறுதி இல்லை. பயம் மற்ற வட்டியில்லா நிறுவனங்களுக்கும் பரவி அங்கும் மக்கள் பணத்தை எடுத்தார்கள். பெங்களூருவில் 2019 ஜூனில் சரிந்த ஐஎம்ஏ இன்னும் மோசம். அது வங்கியே அல்ல. ஹலால் முதலீடு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பைத் திரட்டியது. தாடியையும் மேடைப் பேச்சையும் பார்த்து நம்பியவர்கள் உரிமம் எங்கே என்று கேட்கவில்லை.

இலங்கையில் முதலில் பார்க்க வேண்டியது மத்திய வங்கியின் உரிமம். உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் உள்ள வைப்புக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபாய் வரை காப்புறுதி உண்டு. 2021இல் உயர்த்திய தொகை இது.

தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

இந்திய வங்கிச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கியைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்றது. விஷயம் அதோடு நிற்கிறது.

முறைப்பாடு எங்கே செய்வது?

முதலில் கிளையில், எழுத்தில். பதில் இல்லாவிட்டால் தலைமையகம். அதற்கும் மேலே மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவு, தொலைபேசி 1935. ஷரீஆ சம்பந்தமான சந்தேகம் என்றால் வங்கியின் ஷரீஆ சபைக்கே எழுதலாம். மேசையில் இருப்பவர் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கும் ஆள் அல்ல, அவரோடு வாதாடி இரண்டு பேருக்கும் இரத்த அழுத்தம்தான் ஏறும்.

கணக்கை மூட வருபவரிடம் என்ன கேட்க வேண்டும்?

படிவத்தில் காரணம் கேட்டுப் பெட்டிகள் இருக்கும்: இலாபம் குறைவு, இடமாற்றம், சேவை, வேறு. பெரும்பாலும் ‘வேறு’ என்பதில்தான் புள்ளடி விழும். கணவரை இழந்த ஒரு தாய் அப்படிப் போட்டார். பன்னிரண்டு வருடக் கணக்கு, ஒரு முறைப்பாடு கூடச் செய்ததில்லை. “என்ன வேறு, உம்மா?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு தடவையும் புது ஆள் இரிக்கிறீங்க மகன். மனிசன் மௌத்தான கதையில இருந்து திரும்பச் சொல்ல வேண்டியிரிக்கி.”

அந்த மேசைக்கு வந்து எனக்கு அப்போது மூன்று மாதம். எனக்கு முன்னால் நான்கு பேர் மாறிப் போயிருந்தார்கள்.